வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறதா? அந்தத் தபாலைப் பிரித்துப் பாருங்கள்

கடன் வசூல் தீர்ப்பாய வழக்குகளுக்காக என்னிடம் வரும் சிறு தொழில்காரர்களில் பலர் கையில் ஒரு துணிப்பை இருக்கும். அதற்குள் பிரிக்காத பதிவுத் தபால்கள். "பேங்க்ல இருந்துதான் சார், பணம் கட்டச் சொல்லித்தான் இருக்கும்" என்பார்கள். பணம் புரட்டிக்கொண்டு பிறகு பிரிக்கலாம் என்ற நினைப்பு.

ஒரு லேத் பட்டறைக்காரர் அப்படித்தான் மூன்று தபால்களோடு வந்தார். முதல் தபாலுக்கு வயது ஏழு மாதம். மூன்றாவது, ஏல அறிவிப்பு. இயந்திரம் வாங்கிய கடனுக்கு ஈடாக இருந்தது அவருடைய அம்மாவின் வீடு. ஜாமீன் கையெழுத்தும் அம்மாதான் போட்டிருந்தார். தபால் வந்த விஷயமே அம்மாவுக்குத் தெரியாது.

ஜப்தி என்றால் கோர்ட்டில் வழக்கு நடந்து, தீர்ப்பு வந்து, அமீனா வந்துதான் நடக்கும் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில் அப்படியில்லை. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கணக்கு வாராக்கடன், அதாவது என்.பி.ஏ. ஆகும். அதன்பிறகு வங்கி வழக்கே போடாமல் 13(2) பிரிவின்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கடன் தீராவிட்டால் சொத்தைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம்.

ஆனால் அந்த 90 நாட்களுக்குள்ளேயே உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நெருக்கடியில் இருக்கும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களை (எம்.எஸ்.எம்.இ.) மீட்பதற்கென்று 2015-இல் மத்திய அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. 2016-இல் ரிசர்வ் வங்கியும் அதை வங்கிகளுக்கு விதியாக்கியது. 25 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு இது பொருந்தும். தொழில் தடுமாறுகிறது என்று தெரிந்ததும் உரிமையாளரே விண்ணப்பிக்கலாம். கடன் வரம்பு 10 லட்சத்துக்குள் என்றால் கிளை அளவிலேயே பரிசீலிப்பார்கள், அதற்கு மேல் என்றால் வங்கியின் குழுவுக்குப் போகும். தவணையை மாற்றியமைப்பது, கடனை மறுசீரமைப்பது போன்ற வழிகளை அங்கே கேட்கலாம். இந்த நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்னது. அதே தீர்ப்பில், கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே தான் எம்.எஸ்.எம்.இ. என்பதை ஆவணத்தோடு வங்கிக்குக் காட்டுவது தொழில்காரரின் பொறுப்பு என்றும் சொல்லியிருக்கிறது. எனவே எம்.எஸ்.எம்.இ. என்று அரசிடம் பதிந்ததற்கான உத்யம் சான்றிதழை எடுத்து, அதன் நகலை வங்கியில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். உத்யம் பதிவுக்கு அரசு இணையதளத்தில் கட்டணம் எதுவும் இல்லை. ஏஜெண்டிடம் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, நோட்டீஸ் வந்துவிட்டது. அந்த 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். வட்டிக் கணக்கு தவறா, கட்டிய பணம் வரவில் இல்லையா, மறுசீரமைப்புக் கேட்டிருந்தீர்களா, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஈடு வைத்த நிலத்தில் உண்மையிலேயே விவசாயம் நடந்தால் அதையும் கட்டாயம் எழுதுங்கள், விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பட்டாவில் புஞ்சை என்று இருந்து மேலே குடோன் நின்றால் அந்த வாதம் எடுபடாது. உங்கள் ஆட்சேபத்தை வங்கி ஏற்காவிட்டால் 15 நாட்களுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். மேலாளரை நேரில் பார்த்துப் பேசியது, போனில் அவகாசம் கேட்டது எதுவும் பிறகு கணக்கில் வராது.

அடுத்து, வீட்டுக் கதவில் கையகப்படுத்திய அறிவிப்பை ஒட்டுவார்கள், இரண்டு பத்திரிகைகளிலும் போடுவார்கள். வீட்டைப் பூட்டவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். 17-ஆவது பிரிவில் தீர்ப்பாயத்துக்குப் போக உங்களுக்கு இருப்பது 45 நாட்கள். பலர் இந்த நேரத்தில் உள்ளூர் சிவில் கோர்ட்டில் தடை வாங்கப் போகிறார்கள். சட்டத்தின் 34-ஆவது பிரிவு அதற்குத் தடை போட்டிருக்கிறது, எண்ணும் நாட்கள்தான் வீணாகும். வீட்டுக்குள் ஒரு வாடகைதாரரை வைத்தால் வங்கியால் தொட முடியாது என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. 13(2) நோட்டீஸுக்குப் பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அப்படி வாடகைக்கு விடக்கூடாது.

லேத் பட்டறைக்காரர் ஏலத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, மச்சான் பணம் தருகிறேன் என்கிறார், முழுதாகக் கட்டி மீட்டுவிடலாம் என்று நம்பி வந்திருந்தார். ஒரு காலத்தில் அது முடிந்தது. 2016-இல் 13(8) பிரிவைத் திருத்தினார்கள். முழுத் தொகையையும் செலவோடு கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை இப்போது ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதன்பிறகு பணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும் வாங்கியே தீர வேண்டும் என்று வங்கியிடம் உரிமையோடு கேட்க முடியாது. அவரிடம் இதைச் சொன்னபோது, "பணம் கையில இருக்கே சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னால் அந்த வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை.

கடன் வாங்கியவர்களிடம் நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "ஜாமீன்தாரருக்குச் சொன்னீர்களா?" என்றுதான். அம்மாவோ மனைவியோ, வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்களும் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். விஷயமே தெரியாதவர் என்ன செய்ய முடியும்?

அச்சகம் நடத்தும் இன்னொருவர், பெரிய ஆர்டரின் பணம் வராமல் இரண்டாவது தவணை தவறியதுமே என்னிடம் வந்தார். அன்றே வங்கிக்குக் கடிதம், உத்யம் சான்று, வர வேண்டிய பாக்கிப் பட்டியல். கடன் காலத்தை நீட்டித்தார்கள். போன வருடம் முழுக்கடனும் முடிந்து பத்திரம் கேட்டு வந்தபோது, அதற்கும் ஒரு விதி இருப்பதைச் சொன்னேன். 2023 டிசம்பர் முதல், கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் தனிநபரின் சொத்துப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில், அடமானம் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணத்தைப் பதிந்துவிட்டு வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்தார். அவருடைய வீட்டின் மேல் இப்போது எந்தக் கடனும் இல்லை.