முன்னிருப்பு: கணினியில் ‘டிஃபால்ட்’டுக்குத் தமிழ்

வங்கியில் ‘டிஃபால்ட்’ என்றால் தவணை கட்டத் தவறுவது. கணினியில், நாம் ஒன்றும் குறிப்பிடாதபோது மென்பொருள் எடுத்துக்கொள்ளும் அமைப்பு. இரண்டும் ஒரே சொல்தான். ஏமாற்றுதல், தவறுதல் என்று பொருள்படும் ‘ஃபாலெரே’ என்ற இலத்தீன் வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்கு வராவிட்டால் வழக்கு வந்தவர் பக்கம் தீர்கிறதல்லவா, அப்படி ஒருவர் செய்யாததால் தானே விளைவது என்ற பொருளும் சேர்ந்தது. 1960களில் கணினித்துறை அதை எடுத்துக்கொண்டது.

தமிழில் கொடாநிலை, இயல்புநிலை, முன்னிருப்பு என மூன்று சொற்களைப் பார்க்கலாம். பயனர் எதையும் ‘கொடாத’ நிலை என்பதால் முதலாவது மூலத்துக்கு நெருக்கம். ஆனால் வாயில் ஒட்டவில்லை. இயல்புநிலைதான் எனக்கு உறுத்துகிறது. இயல்பு தானாக அமைவது. இதுவோ யாரோ உட்கார்ந்து முடிவுசெய்தது.

கணினிக் கடிகாரங்களைச் சரிசெய்யும் என்டிபியைப் பாருங்கள். டேவிட் மில்ஸ் வடிவமைத்து, 1985இல் ஆவணமான நெறிமுறை அது. அதன் மூல மென்பொருளான என்டிபிடி, நாம் எதையும் மாற்றாவிட்டால், 64 முதல் 1024 நொடிக்கு ஒருமுறை சர்வரிடம், அதாவது நேரம் சொல்லும் இணையக் கணினியிடம், நேரம் கேட்கும். வித்தியாசம் 128 மில்லிநொடிக்குள் இருந்தால் கடிகாரத்தை மெல்ல நகர்த்தும். அதற்கு மேல் நீடித்தால் ஒரேயடியாக மாற்றும். 1000 நொடியைத் தாண்டினால், ஏதோ கோளாறு என்று தானே நின்றுவிடும். நல்ல எச்சரிக்கைதான். ஆனால் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் பல மாடல்களில் மின்கலக் கடிகாரம் கிடையாது, தவறான நேரத்தோடுதான் எழும். அத்தகைய கருவிகளுக்கு, தொடங்கும்போது ஒருமுறை மட்டும் அந்த வரம்பைத் தளர்த்துவதே சரி.

இப்படிப்பட்ட அமைப்பை யோசிக்காமல் வைத்தால் என்ன ஆகும்? நெட்கியர் நிறுவனம் தன் ரவுட்டர் மாடல்கள் சிலவற்றில் விஸ்கான்சின் பல்கலைக்கழக நேர சர்வரின் முகவரியை நிரலிலேயே பதித்திருந்தது. பதில் வராவிட்டால் அவை நொடிக்கொருமுறை கேட்கும். 2003இல் அந்த சர்வரைக் கேள்வி வெள்ளம் திணறடித்தது. வீட்டில் ரவுட்டரை மாட்டியவர்கள் யாரும் அந்த சர்வரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இப்போது, தன்னார்வலர்கள் தரும் நேர சர்வர்களின் தொகுப்பான என்டிபி பூல் திட்டம், கருவி தயாரிப்பாளர்கள் தங்களுக்கென்று தனி சர்வர் பெயர் கேட்டு வாங்கி, அதையே கருவியில் வைக்கச் சொல்கிறது.

‘முன்னிருப்பு’ என்றால் முன்பே அங்கு இருப்பது. அதனால் யார் வைத்தார்கள் என்று கேட்க இடம் விடுகிறது. முன்னிருப்பு சர்வர், முன்னிருப்பு இடைவெளி என்று எழுதலாம். கடன் விஷயத்துக்கு மட்டும் இது வேண்டாம், அங்கே ‘தவணை தவறுதல்’ இருக்கிறது.