ஸோனிங்: கச்சையில் பிறந்த சொல்

மனை வாங்கப் போகிறவர் தரகரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "இது எந்த ஸோன்?" தரகரும் தயங்காமல் "ரெசிடென்ஷியல் ஸோன் சார்" என்பார். இருவருக்கும் புரிந்துவிடுகிறது. எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று நிலத்தை வகுப்பதுதான் ஸோனிங். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தொடங்கும்.

கிரேக்க மொழியில் 'ஸோனே' என்றால் இடுப்பில் கட்டும் கச்சை. பூமியை வெப்பமான நடுப்பகுதி, மிதமான இரண்டு பகுதிகள், குளிர்ந்த இரண்டு முனைகள் என்று ஐந்து பட்டைகளாகப் பிரித்த பழைய அறிஞர்கள், அந்தப் பட்டைகளுக்கும் இதே பெயரை வைத்தார்கள். உலகத்தின் இடுப்பில் சுற்றிய கச்சைகள்! லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல், நமது பள்ளிப் புத்தகத்தில் 'வெப்ப மண்டலம்', 'மித வெப்ப மண்டலம்' என்று தமிழானது.

பூமியிலிருந்து அது நகரத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரம் 1891இல் பகுதிக்கு ஒரு கட்டட விதி என்று வகுத்தது. நியூயார்க் 1916இல் நகரம் முழுவதற்குமாக விதி கொண்டுவந்தது. ஆனால் சொல்லுக்கு இன்றைய பொருளை உறுதியாக்கியது ஒரு வழக்கு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற கிராமம், இங்கே வீடு, அங்கே கடை, அதற்கப்பால் ஆலை என்று 1922இல் நிலத்தை வகை பிரித்தது. 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் என்ற நில நிறுவனம், தன் நிலத்தின் விலை விழுந்துவிட்டது என்று வழக்குப் போட்டது. 1926இல் உச்ச நீதிமன்றம் கிராமத்தின் பக்கம் நின்றது. இப்படிப் பிரிக்கும் முறைக்கு இன்றும் 'யூக்ளிடியன் ஸோனிங்' என்றே பெயர். கணித மேதை யூக்ளிட்டின் பெயரை அந்த ஊருக்குச் சூட்டியவர்கள் நில அளவையாளர்கள். ஆக, சொல்லும் கிரேக்கம், அடைமொழியும் கிரேக்கம்.

ஆலையை வீட்டிலிருந்து தள்ளி வைப்பது சரி. வீட்டுக்குள் யார் இருக்கலாம் என்பதையும் இந்தச் சொல் தீர்மானிக்குமா? நியூயார்க்கின் லாங் ஐலண்ட் தீவில், ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் பெல் டெர் என்று ஒரு சிற்றூர். அப்போது சுமார் 220 வீடுகள், 700 பேர். ஊர் முழுவதும் தனிக் குடும்ப வீடு மட்டும்தான் என்பது விதி. 'குடும்பம்' என்றால் என்ன என்றும் அந்த விதியே சொன்னது: ரத்த உறவாலோ, தத்தாலோ, திருமணத்தாலோ இணைந்து, ஒன்றாகச் சமைத்து ஒரே வீட்டினராக வாழ்பவர்கள். உறவில்லாதவர்கள் என்றால் இரண்டு பேர் வரை. அங்கே ஒரு வீட்டை ஆறு மாணவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். ஒன்றாகச் சமைத்தார்கள், ஆனால் உறவில்லை. ஊர் நோட்டீஸ் அனுப்ப, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974இல், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. எதிர்த்து எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல், யாரோடு சேர்ந்து வாழ்வது என்பது ஒருவரின் அடிப்படை உரிமை என்றார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. நிலத்தை வரையறுக்கக் கிளம்பிய விதி, குடும்பத்துக்கு அகராதி எழுத உட்கார்ந்துவிட்டது.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது?

'மண்டலம்' முதலில் நாவில் வரும். வட்டம் என்ற பொருளுடைய வடசொல் அது. சோழர் காலத்தில் வளநாட்டையும் நாட்டையும் உள்ளடக்கிய பெரும்பிரிவுக்குப் பெயர். இன்று ரயில்வேக்கு மண்டலம், மாநகராட்சிக்கு மண்டலம், விரதத்துக்கும் ஒரு மண்டலம். 'இது எந்த மண்டலம்?' என்று கேட்டால், எந்த மண்டல அலுவலகத்தில் வரி கட்டுவது என்ற பதில்தான் கிடைக்கும்.

இலங்கைத் தமிழில் 'வலயம்' புழங்குகிறது: கல்வி வலயம், வர்த்தக வலயம், உயர் பாதுகாப்பு வலயம். வளையம், வளையல் போல உடலைச் சுற்றும் பொருளை நினைவூட்டுவதால், கச்சைக்கு இதுவே நெருக்கம். எனக்குப் பிடித்ததும் இதுதான்.

'திணை' என்று வைக்கலாமே என்பவர்களும் உண்டு. அழகான சொல்தான், ஆனால் பொருந்தாது. குறிஞ்சியை யாரும் அரசாணை போட்டுக் குறிஞ்சியாக்கவில்லை. நமது வருவாய்க் கணக்கில் இருக்கும் நன்செய், புன்செய், நத்தம், மேய்க்கால் புறம்போக்கு ஆகியவை இதற்கு இன்னும் பக்கத்தில் வருகின்றன. நத்தம் என்றால் குடியிருப்புக்கான நிலம் என்று கிராமத்தில் எவரும் சொல்வார். ஆனால் இவை நிலம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று சொல்பவை. ஸோனிங்கோ, உங்கள் சொந்த நிலத்திலேயே இனி எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று சொல்வது.

தமிழக அரசு ஆவணங்களில் 'நில உபயோகம்', 'நில உபயோக மாற்றம்' என்று இருக்கும். புழக்கத்தில் உள்ளதை மாற்றச் சொல்ல மாட்டேன். கட்டுரை எழுதுபவர்கள் உபயோகத்தைப் 'பயன்பாடு' என்று ஆக்கிக்கொள்ளலாம். பகுதியைக் குறிக்க 'பயன்பாட்டு வலயம்', வகுக்கும் செயலைக் குறிக்க 'நிலப் பயன்பாட்டு வரையறை' என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் குழப்பம் வராது. எழுதிப் பார்ப்போம்: 'பெல் டெரின் நிலப் பயன்பாட்டு வரையறைப்படி, ஊர் முழுவதும் ஒரே பயன்பாட்டு வலயம், அதில் தனிக் குடும்ப வீடுகளுக்கு மட்டுமே அனுமதி.' கொஞ்சம் நீளம்தான். தரகர் ஸோன் என்றே சொல்லிவிட்டுப் போகட்டும்.