பயாப்ஸி எடுத்த கையோடு புராஸ்டேட் ஸ்கேன் வேண்டாம்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அவருடைய மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். வேறோர் ஊரில் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களும் அறிக்கையும் கையில் இருந்தன. ‘புராஸ்டேட்டின் இடப்பக்கம் சிட்ரேட் குறைவு, கோலின் அதிகம், புற்றுநோய் ஐயம்’ என்று அறிக்கை சொன்னது. புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி; சிட்ரேட்டும் கோலினும் அதில் உள்ள வேதிப்பொருள்கள். பெரியவர் பல நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "அப்பாவுக்கு இன்னும் எவ்வளவு காலம், டாக்டர்?" என்று மகன் தாழ்ந்த குரலில் கேட்டது அவர் காதிலும் விழுந்தது.

படங்களைத் திரையில் ஏற்றியதும் முதலில் தேதியைப் பார்த்தேன். பயாப்ஸி, அதாவது ஊசியால் திசு எடுக்கும் சோதனை, முடிந்து பன்னிரண்டே நாளில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். டி1 வகைப் படத்தில் சுரப்பியின் இடப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஊசி குத்திய இடங்களில் கசிந்த இரத்தம் அது. இரத்தம் தேங்கிய இடத்தில் காந்தப்புலம் சீர்குலைகிறது. அங்கே எடுக்கும் வேதியியல் வரைபடத்தை நம்பி யாருக்கும் புற்றுநோய் என்று சொல்ல முடியாது.

அந்த வரைபடம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான எம்.ஆர்.ஐ. படம் சுரப்பியின் உருவத்தைக் காட்டும். எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி அதே இயந்திரத்தில், சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, சுரப்பியை மிளகைவிடச் சற்றுப் பெரிய கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று கோடாக வரைந்து தரும்.

உடலின் மற்றச் செல்கள் சிட்ரேட்டை உடனுக்குடன் ஆற்றலாக மாற்றிக்கொள்கின்றன. புராஸ்டேட்டின் சுரப்புச் செல்கள் துத்தநாகத்தைச் சேர்த்து வைக்கின்றன. சிட்ரேட்டை மேற்கொண்டு மாற்றும் நொதியைத் துத்தநாகம் தடுத்துவிடுவதால் சிட்ரேட் மிஞ்சி, விந்து நீரில் கலக்கிறது. எனவே ஆரோக்கியமான சுரப்பியின் வெளிப்பகுதியில் சிட்ரேட் கோடு கோபுரம்போல் உயர்ந்து நிற்கும்; கிரியேட்டினும் கோலினும் அருகே சிறு குன்றுகளாகத் தெரியும். புற்றாக மாறும் செல் துத்தநாகத்தை இழந்து, சிட்ரேட்டையும் செலவழித்துவிடுகிறது. பெருகும் செல்களுக்குப் புதுச் சவ்வு கட்ட வேண்டியிருப்பதால் கோலின் கூடுகிறது. கோபுரம் சரிந்து குன்று உயரும்.

ஆய்வகத்தில் இரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க நீல மூடி போட்ட குழாயில் இரத்தம் பிடிப்பார்கள். அதில் இருப்பதும் சிட்ரேட்தான், இரத்தத்தை உறையவிடாது. புராஸ்டேட்டிலும் அதே வேலை நடக்கிறது. சிட்ரேட் நிறைந்த நல்ல திசுவில் பயாப்ஸியின் இரத்தம் வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. எனவேதான் பயாப்ஸிக்குப் பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஸ்கேன் எடுக்கச் சொல்கிறோம். அந்த இடைவெளி அலட்சியமாகாது. எலும்பு வலி, சிறுநீர் அடைப்பு போன்ற தொல்லை இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே சிறுநீரகவியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரத்தக் கசிவு இல்லாவிட்டாலும் இந்த வரைபடம் ஏமாற்றலாம். புராஸ்டேட் அழற்சியிலும் சிட்ரேட் குறைந்து கோலின் கூடலாம். விந்துப்பைகளை ஒட்டிய இடத்தில் கோலின் இயல்பாகவே அதிகமாகத் தெரியும். மலக்குடலில் வாயு நிறைந்திருந்தால் கோடுகள் தடித்துக் குழம்பிவிடும். ஸ்கேனுக்கு முன் வயிற்றைச் சுத்தம் செய்யச் சொல்வதைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள்.

1990-களில் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இந்த முறை வளர்ந்தபோது பெரிய நம்பிக்கை இருந்தது. அமெரிக்காவின் பல மையங்கள் சேர்ந்து, அறுவையில் சுரப்பி அகற்றப்பட்ட 110 பேரிடம் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. கட்டி எங்கே இருக்கிறது என்று கண்டறிவதில், எம்.ஆர்.ஐ.யுடன் இதைச் சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. புராஸ்டேட் எம்.ஆர்.ஐ.யை மதிப்பிடுவதற்கான வழிகாட்டி பை-ராட்ஸ்; 2015-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பின் மதிப்பீட்டில் ஸ்பெக்ட்ரோஸ்கோபிக்கு இடமில்லை. நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படம் இன்று முன்னால் நிற்கிறது.

ஆகவே அறிக்கையில் இந்த வரைபடம் இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். நல்ல எம்.ஆர்.ஐ.யை பயாப்ஸிக்கு முன்பே எடுப்பதுதான் முக்கியம். 576 ஆண்களிடம் பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான ப்ராமிஸ் ஆய்வு, முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்தால் நூற்றில் 27 பேருக்கு முதல் பயாப்ஸியே தேவைப்படாமல் போகலாம் என்று காட்டியது. இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதம் கூடிவிட்டது என்றதும் பதறி ஊசிக்கு ஓடாமல், "முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆசிரியரின் பயாப்ஸி அறிக்கை ஒரு மாதம் தாமதமாகக் கைக்கு வந்தது. புற்றுச் செல் எதுவும் இல்லை. அழற்சி மட்டுமே இருந்தது. சிகிச்சை முடித்து, பயாப்ஸிக்குப் பிந்தைய பத்தாவது வாரம் மறுபடி படம் எடுத்தோம். டி1 படத்தில் வெண்மை மறைந்திருந்தது. இடப்பக்கத்தில் சிட்ரேட் கோடு மீண்டும் உயர்ந்து நின்றதை மகனுக்குத் திரையிலேயே விரலால் தொட்டுக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கும் காட்டுங்கள், டாக்டர்" என்றார்.

அன்று முதல் எங்கள் பதிவு மேசையில், பெயருக்கும் வயதுக்கும் அடுத்துக் கேட்கும் கேள்வி இதுதான்: "ஐயா, கடைசியாக எப்போது பயாப்ஸி எடுத்தீர்கள்?"