பேரி மரம் குளிரை எண்ணும் விதம்

கொல்லைப்புறப் பேரி மரத்தின் மொட்டுகளில் செதில் சற்றே விலகி உள்ளே பச்சை தெரிந்தால், ஊட்டியில் குளிர்காலம் முடியப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்போது மாசி மாதம். பஞ்சாங்கக் கணக்கில் அது பின்பனிக்காலம். இளவேனில் பிறக்கச் சித்திரை வரவேண்டும். காந்தலிலும் தலைகுந்தாவிலும் விடிகாலையில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதும் முழுதாக ஓய்ந்திருக்காது. வெறும் குச்சியாக நின்ற மரத்துக்கு மட்டும் செய்தி எப்படி எட்டியது?

பகல் நீள்வதை வைத்து என்று சொல்லத் தோன்றும். வடக்கே குளிர்நாடுகளில் பல மரங்களுக்கு அது முக்கியமான குறிப்புதான். ஆனால் ஊட்டி இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 11 பாகை தொலைவில். மார்கழியின் மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய 11½ மணி நேரம், ஆனியின் மிக நீண்ட பகல் 12¾ மணி நேரம். வேறுபாடு அவ்வளவே. அதோடு, பேரியும் ஆப்பிளும் பகலின் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அவை கணக்கு வைப்பது குளிருக்கு.

பூவின் கரு முந்தைய ஆண்டிலேயே மொட்டுக்குள் உருவாகிவிடுகிறது. பிறகு மொட்டு உறங்குகிறது. அந்த உறக்கத்தில் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் வளர்ச்சியை அடக்கிவைக்கிறது. நடுவில் நான்கு நாள் வெயில் அடித்தாலும் மொட்டு ஏமாறாது. ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி வரையான குளிரில் நூற்றுக்கணக்கான மணி நேரம் கழிந்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும்.

ஒவ்வொரு மொட்டும் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கொவில் 1920இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கண்ணாடி வீட்டுக்குள் கதகதப்பாக இருந்த புளூபெர்ரிச் செடியின் ஒரே ஒரு கிளையை அவர் வெளியே பனிக்காற்றில் நீட்டிவைத்தார். வசந்தத்தில் அந்தக் கிளை மட்டும் துளிர்த்தது; உள்ளே இருந்த மற்றக் கிளைகள் உறங்கிக்கொண்டேயிருந்தன.

நீலகிரியில் இந்தக் கணக்குக்கு ஒரு சிக்கல் உண்டு. இரவில் விரல் விறைக்கும். பகலில் வெயில் 20 டிகிரியைத் தொடும். இரவு சேர்த்த குளிரைப் பகல் அழித்துவிடாதா? இளங்குளிர் நாடான இஸ்ரேலின் ஆய்வாளர்கள் 1980களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். குளிர் முதலில் நிலையற்ற ஒரு பொருளை மொட்டுக்குள் உண்டாக்குவதாக வைத்துக்கொள்வோம். வெயில் அதைக் கரைக்கலாம். போதிய அளவு சேர்ந்துவிட்டால் அது நிலையானதாக மாறிவிடும். பிறகு எந்த வெயிலும் அதைத் தொட முடியாது. கையில் இருக்கும் சில்லறை செலவாகலாம், உண்டியலில் விழுந்தது அங்கேயே இருக்கும். எங்கள் ஊர்க் குளிர்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை.

உண்டியல் நிறைந்தபின் மொட்டு கதகதப்பை எண்ணத் தொடங்குகிறது. குறைந்த குளிரே போதும் என்னும் வகைகள் முந்திக்கொள்கின்றன.

முந்துவதில் ஆபத்தும் உண்டு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மூடிய மொட்டு கடுங்குளிரைத் தாங்கும். விரிந்த பூவோ சுமார் மைனஸ் 2 டிகிரியிலேயே கருகிவிடும். மேட்டு மரம் தப்பிக்க, அதே தோட்டத்தின் பள்ளத்து மரம் பூவை இழப்பது இதனால்தான்.

குளிர் குறைந்த ஆண்டுகள்தான் என்னைக் கூடுதலாகக் கவலைப்பட வைக்கின்றன. உண்டியல் நிறையாத மொட்டுகள் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. இன்று ஒன்று, மூன்று வாரம் கழித்து இன்னொன்று. பேரியின் பெரும்பாலான வகைகளுக்கு வேறொரு வகை மரத்தின் மகரந்தம் வேண்டும். இரண்டும் ஒருசேரப் பூக்காவிட்டால் தேனீ வந்தும் பயனில்லை.

சோலைக்காட்டு மரங்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. அவை என்றும் பசுமையானவை, இப்படி இலையுதிர்த்து உறங்குவதில்லை. புல்வெளியில் மற்ற மரக்கன்றுகளை உறைபனி கொல்லும் இடத்திலும் காட்டுப்பூவரசு நின்று, குளிருக்குள்ளேயே சிவப்பாகப் பூக்கிறது. இமயத்து ரோடோடென்ட்ரானின் நெருங்கிய உறவு அது.

இன்று காலை எங்கள் பேரி மரத்தின் கீழ்க்கிளையில் மூன்று மொட்டுகள் வெள்ளை காட்டின. சுவரோரம் சாய்ந்த கிளை, பகல் வெயிலின் சூடு அதிகம் படும் இடம், இன்னும் இறுக மூடியிருக்கிறது.