மதிய டப்பாவில் ராப்: உள்ளே வைப்பதை விட முக்கியமான ஒரு கேள்வி

மதிய உணவுக்கு ராப், அதாவது கலவையை உள்ளே வைத்துச் சுருட்டிய ரொட்டி, கொடுத்தனுப்பும் பெற்றோர் என்னிடம் வந்தால், முதல் கேள்வி பெரும்பாலும் உள்ளே என்ன வைக்கலாம் என்பதாகவே இருக்கும். புரதம் போதுமா, மைதாவா கோதுமையா, சீஸ் தினமும் கொடுக்கலாமா என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் உணவியல் நிபுணராக நான் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. எத்தனை மணிக்குச் சுருட்டுகிறீர்கள்? எத்தனை மணிக்குப் பிரித்துச் சாப்பிடுகிறார்கள்? இடையில் அந்தப் பை எங்கே கிடக்கிறது? இதற்குப் பதில் தெரியாமல், உள்ளே கோழி வைக்கலாமா கூடாதா என்று என்னால் சொல்ல முடியாது.

காலை ஏழு மணிக்குச் சுருட்டி, பன்னிரண்டரைக்குப் பிரித்தால் நடுவில் ஐந்தரை மணி நேரம். சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் இந்த இரண்டு எண்களைத்தான் எல்லையாகச் சொல்கிறது. சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது. சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே பாதுகாப்பு என்று கணக்கிடுவது வழக்கம். “காலையில் செய்ததுதானே மேடம், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது?” என்று கேட்பார்கள். நேற்றுச் செய்து இரவு முழுக்கக் குளிரில் இருந்த உணவு, இன்று காலையில் செய்து வெதுவெதுப்பாகக் கட்டிய உணவை விடப் பத்திரமானது. இதை ஏற்றுக்கொள்ள வைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

வாயால் சொல்லி எடுபடாதபோது செய்தே காட்டுவேன். அடுப்பிலிருந்து இறக்கிய கோழிக் கலவையை உடனே ரொட்டியில் வைத்துச் சுருட்டி, அலுமினியத் தாளில் இறுக்கி, ஜிப் வைத்த மதிய உணவுப் பைக்குள் வைத்துவிடுவோம். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பையைத் திறந்து ராப்பின் நடுவில் வெப்பமானியைக் குத்தினால் முள் 40 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். வெளியே தொட்டுப் பார்ப்பவர்களுக்கு அது நன்றாக ஆறிவிட்டதாகத் தோன்றும். தாளைப் பிரித்தால் உட்புறம் முழுக்க நீர்த்துளிகள். ராப்பின் அடிப்பக்கம் விரலோடு ஒட்டிக்கொண்டு பசைபோல் வரும். சூடாக இருக்கட்டும் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு, கிருமிக்கு மிகவும் பிடித்த வெப்பத்தில் உணவை நெடுநேரம் நிறுத்திவைக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. மெதுவாக ஆறும் இறைச்சி உணவுதான் அதன் இடம். 43 முதல் 45 டிகிரியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும்.

இறைச்சி இல்லாவிட்டால் கவலையில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. சோறு, உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்துள்ள உணவுகளில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வரும். அதன் வித்துகள் சமையலின் சூட்டிலும் சாவதில்லை. உணவு வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்துப் பெருகுகின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இன்னொரு பாக்டீரியா நம் மூக்கிலும் தோலிலும் இருப்பது. ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதை மூக்கில் சுமந்துகொண்டு நடக்கிறார். ராப் என்பது கையாலேயே அடுக்கி, கையாலேயே மடித்து, அதன்பின் அடுப்பையே பார்க்காத உணவு. கை கழுவுவதை நான் வலியுறுத்துவதற்கு இதுதான் காரணம். இந்த இரண்டு கிருமிகளும் உண்டாக்கும் நஞ்சு சூட்டைத் தாங்கும். கிருமி செத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். அலுவலக மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதில் இடமில்லை. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி வருவது இவற்றின் அடையாளம். பிள்ளை வீடு திரும்பியதும் வாந்தி எடுத்தால் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுகிறோம். மதியம் சாப்பிட்டதை யாரும் கேட்பதில்லை.

ஆகவே என் ஆலோசனை நேரானது. ராப்பை நன்றாகக் குளிரவைத்துக் கொடுத்தனுப்புங்கள். இரவு சமையலோடு உள்ளே வைக்கும் கலவையையும் செய்து, ஆழமான பாத்திரத்தில் குவிக்காமல் அகலமான தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். ஆவி அடங்கியதும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆழப் பாத்திரத்தின் நடுப்பகுதி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே பல மணி நேரம் சூடாக இருக்கும். காலையில் சில்லென்ற கலவையை எடுத்துச் சுருட்டி, டப்பாவில் வைத்து, மேலும் கீழுமாக இரண்டு ஐஸ் பேக்குகளுக்கு நடுவில் பையில் வையுங்கள். ஐஸ் பேக் இல்லாவிட்டால் இரவே உறையவைத்த சிறிய தண்ணீர் பாட்டில் போதும். மதியத்துக்குள் உருகிக் குடிக்கவும் உதவும். வெப்பம் புகாத பை தானாகக் குளிர்விக்காது. உள்ளே எந்த நிலையில் வைக்கிறோமோ அந்த நிலையைக் கொஞ்சம் நேரம் காப்பாற்றும், அவ்வளவுதான். ஐஸ் இல்லாமல் அந்தப் பையில் வெதுவெதுப்பான உணவை வைப்பதை விட வைக்காமலிருப்பதே நல்லது.

குளிர்ந்த உணவைத் தொடவே மாட்டேன் என்பவர்களுக்கும் வழியுண்டு. கலவையைத் தனியாகப் பிளாஸ்கில் கொடுங்கள். முதலில் கொதிக்கும் நீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க உணவை நிரப்பினால் மதியம் வரை 60 டிகிரிக்கு மேல் நிற்க வாய்ப்பு அதிகம். ரொட்டியைத் தனியே கட்டிக் கொடுத்து, சாப்பிடும் நேரத்தில் சுருட்டிக்கொள்ளச் சொல்லலாம். எட்டு வயதுப் பிள்ளைகள் இதை விளையாட்டுப்போல் செய்கிறார்கள்.

ஐஸும் இல்லை, பிளாஸ்கும் இல்லை, நீண்ட பயணம் என்றால் ஈரம் குறைந்ததை உள்ளே வையுங்கள். நிலக்கடலை வெண்ணெய், எள் விழுது, ஜாம், தேன், உலர் திராட்சை போன்றவற்றில் கிருமி பயன்படுத்திக்கொள்ளத் தேவையான நீர் இல்லை. சேர்ந்து சாப்பிடும் இடத்தில் யாருக்காவது ஒவ்வாமை இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். நிலக்கடலையைப் பற்றி எல்லோருக்கும் தெரிகிறது. எள்ளும் அதே அளவுக்குத் தீவிரமான ஒவ்வாமையை உண்டாக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு முதல் உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் எள்ளும் ஒன்று.

சரி, ரொட்டிக்கு வருவோம். மடிக்கும்போது விளிம்பில் வெடித்துவிடுகிறது என்பது பொதுவான புகார். வெந்த மாவுச்சத்து ஆற ஆற இறுகும். ஃப்ரிட்ஜின் குளிரில் அந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கிறது. இரவே சுருட்டி வைத்த ராப் காலையில் அட்டைபோல் நிற்பது இதனால்தான். கலவையை இரவிலும் சுருட்டும் வேலையைக் காலையிலும் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். மாவை வெந்நீரில் பிசைந்து, சற்று எண்ணெய் சேர்த்தால் நெடுநேரம் மென்மையாக இருக்கும். கடையில் வாங்கியதென்றால் சூடான கல்லில் பக்கத்துக்குப் பத்து விநாடி புரட்டி, துணியில் மூடிவையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் வளைத்தால் உடையாது. ஆவி அடங்காத ரொட்டியில் குளிர்ந்த கலவையை வைத்து மூடிவிடாதீர்கள். செய்த வேலை எல்லாம் வீணாகும்.

சுருட்டுவதில் பிழை அளவில்தான் வருகிறது. ரொட்டியின் மையத்துக்குச் சற்றுக் கீழே, இரு பக்கமும் மூன்று விரல் இடம் விட்டு, கலவையை ஒரு கோடாக வையுங்கள். பக்கங்களை உள்ளே மடித்து, கீழ் விளிம்பைக் கலவையின் மேலே கொண்டுவந்து, விரல் நுனிகளால் அதை உங்கள் பக்கம் ஒருமுறை இழுத்து இறுக்கிய பிறகுதான் உருட்ட வேண்டும். அந்த ஓர் இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. முடிந்ததும் மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஐந்து நிமிடம் விட்டால் தானே ஒட்டிக்கொள்ளும்.

நசநசப்பு இன்னொரு தலைவலி. இங்கே குற்றவாளி பெரும்பாலும் உப்பு. நறுக்கிய வெள்ளரியிலும் தக்காளியிலும் உப்புத் தூவினால் அது உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். நான்கு மணி நேரத்தில் அத்தனையையும் ரொட்டி குடித்துவிடும். வெள்ளரியின் விதைப்பகுதியைச் சுரண்டி எடுங்கள். உப்பிடுவதென்றால் முன்கூட்டியே உப்பிட்டு, வரும் நீரைப் பிழிந்து கொட்டிவிட்டு வையுங்கள். லெட்டூஸ் போன்ற கீரை இலைகளைக் கழுவியபின் சுத்தமான துணியில் ஒற்றி உலர்த்துங்கள். ரொட்டியின் மேல் முதலில் வெண்ணெய், கிரீம் சீஸ், கொண்டைக்கடலை விழுது இவற்றில் ஒன்றை விளிம்பு வரை மெல்லப் பூசினால் நீர் உள்ளே இறங்காமல் தடுக்கும். அதன்மேல் இலை, அதன்மேல் மற்றவை. சாஸை ஒரு சின்ன டப்பியில் தனியே அனுப்புவது எல்லாவற்றையும் விட எளிது.

எதில் சுற்றுவது? என் ஓட்டு பட்டர் பேப்பருக்கு. கொஞ்சம் ஈரத்தை வெளியே விடும், வேண்டிய அளவுக்குப் பிரித்துக்கொண்டே சாப்பிடலாம். அலுமினியத் தாளில் சுற்றினால் மதியம் வரை சூடு நிற்கும் என்பது பெரும்பாலும் மனப்பிரமை. தக்காளி, எலுமிச்சை, ஊறுகாய் போன்ற புளிப்பும் உப்பும் உள்ளவை நேரடியாகப் பட்டால் அலுமினியம் சிறிதளவு உணவில் கரையும். ஒருநாள் பட்டதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆண்டு முழுக்கத் தினமும் அப்படிச் சுற்றுவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். அச்சடித்த தாளில் எப்போதும் வேண்டாம். மை உணவுக்கானது அல்ல.

உள்ளே வைப்பதில் நான் தடுப்பவை சிலவே. பச்சை முட்டையில் வீட்டிலேயே அடித்த மயோனைஸ் மதிய டப்பாவுக்கு ஆகாது. சிவப்பு பீன்ஸை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் நன்றாகக் கொதிக்கவைத்தே வேகவிட வேண்டும். மெதுவாக வேகும் மின்பானையில் அரைவேக்காடாக இருந்தால் அதிலுள்ள லெக்டின் என்ற இயற்கை நச்சு அழியாது, நான்கைந்து பீன்ஸ் போதும், வாந்தி வரும். முளைகட்டிய பயறு சத்தானது என்று பச்சையாக வைப்பவர்கள் நிறையப் பேர். முளைக்கவைக்கும் அதே ஈரமும் வெதுவெதுப்பும் கிருமியையும் வளர்க்கும். 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய விதைகளின் வழியே பரவிய ஈ.கோலை தொற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஆவியில் வேகவைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் கடையில் துண்டு போட்டு விற்கும் குளிர்ந்த இறைச்சியையும், பாஸ்சரைஸ் செய்யாத பாலில் செய்த மென்மையான சீஸையும் தவிர்க்க வேண்டும். ஃப்ரிட்ஜின் குளிரிலும் வளரும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா அவற்றில் இருக்கக்கூடும். சாசேஜ், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியை வாரம் முழுக்க வைக்க வேண்டாம் என்று மற்றவர்களுக்கும் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. ரொட்டியின் உப்பு, சீஸின் உப்பு, சாஸின் உப்பு என ஏற்கெனவே மூன்று இடத்தில் உப்பு சேர்ந்துவிடுகிறது; பெரியவர்களுக்கே ஒரு நாளின் வரம்பு ஐந்து கிராமுக்குள்தான்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு முழு ராப்பைக் கையில் கொடுக்காதீர்கள். தடித்த ரொட்டியும் பச்சைக் கேரட்டும் சேர்ந்தால் மெல்ல முடியாமல் தொண்டையில் நிற்கும். மெல்லிய ரொட்டியில், கேரட்டைத் துருவிப் போட்டு, சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள்.

பாதி மீந்து வந்தால் மாலையில் சூடாக்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஐஸ் உருகி மணிக்கணக்காகியிருக்கும், வாய் பட்ட உணவு வேறு. குப்பையில் போட்டுவிட்டு, மறுநாள் ஒரு ராப்புக்குப் பதில் முக்கால் ராப் கட்டுங்கள். நின்று நிதானமாக மெல்லுவதற்கு அவர்களுக்கு எத்தனை நிமிட இடைவேளை கிடைக்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். சுவை பிடிக்காமல் திரும்பி வருவதை விட, நேரம் போதாமல் திரும்பி வருவதுதான் அதிகம்.