பொறிமுறை: ‘மெக்கானிக்ஸ்’ என்ற ஆட்டச் சொல்லுக்குத் தமிழ்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் ஆர்பிஜி ஆட்டங்களில் ‘மெக்கானிக்ஸ்’ என்ற சொல் ஓயாமல் காதில் விழும். வண்டி பழுதுபார்க்கும் மெக்கானிக்கும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை; பொருள்தான் வேறு. இருபது முகப் பகடையை உருட்டு, பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டு, தொகை இலக்கு எண்ணைத் தொட்டால் பள்ளத்தைத் தாண்டிவிட்டாய் என்ற கணக்கு ஓட்டத்துக்குத்தான் இங்கே அந்தப் பெயர்.

வேர்ச்சொல் கிரேக்கத்தின் ‘மேகானே’. கருவி, உபாயம், சூழ்ச்சி எல்லாம் அதன் பொருள்கள். நாடகத்தில் தெய்வ வேடமிட்டவரை மேடைமேல் தூக்கி இறக்கிய பளுதூக்கியையும் அப்படித்தான் அழைத்தார்கள்.

தமிழில் ‘இயக்கவியல்’ என்றால் இயற்பியல் பாடம் நினைவுக்கு வரும். ‘விதிமுறை’ பக்கத்தில் வருகிறது, ஆனால் உருட்டிக் கூட்டி ஒப்பிடும் அந்த ஓட்டம் அதில் இல்லை. இலங்கைத் தமிழ் எழுத்தில் நன்கு வேரூன்றிவிட்ட ‘பொறிமுறை’யையே நான் தேர்வேன். பொறி என்றால் எந்திரம். சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டைக் காவலில் ‘வளைவிற் பொறி’யைச் சொல்கிறது. எலிப்பொறியில் அதே சொல் கண்ணியாகிறது. ‘பொறியின்மை யார்க்கும் பழியன்று’ என்ற குறளில் பரிமேலழகர் அதற்கு ‘விதி’ என்று பொருள் கொள்கிறார். எந்திரம், கண்ணி, ஊழ்: பகடை ஆட்டத்துக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எங்கே கிடைக்கும்?

கதையைச் சொல்லி, நடுவராகவும் இருப்பவர் ஆட்ட நடத்துநர். இந்தப் பொறிமுறையை அவர் எவ்வளவு திறந்து காட்டலாம் என்பது பழைய கேள்வி. பிரஷ்யப் படை அதிகாரிகள் 1824 முதல் பயின்ற போர் ஆட்டத்தில் நடுவர்தான் பகடையையும் பட்டியல்களையும் கையாண்டார். ஆடுபவர்கள் கட்டளை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜி, போர் ஆட்ட மரபில் பிறந்தது. அதன் மேம்பட்ட வடிவத்தில், அடி பட்டதா இல்லையா என்று பார்க்கும் பட்டியல்கள் 1979இல் வெளியான நடத்துநர் கையேட்டில்தான் இருந்தன. அந்தப் புத்தகம் நடத்துநருக்கு மட்டுமே உரியது என்று முன்னுரையே கண்டிப்பாகச் சொன்னது. காலப்போக்கில் கதவு திறந்தது. 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு என்ற ஆர்பிஜியில் இரண்டு ஆறுமுகப் பகடைகளை ஆடுபவரே உருட்டுகிறார். திறன் எண்ணையும் கூட்டி வரும் தொகை பத்தோ அதற்கு மேலோ போனால் முழு வெற்றி, ஏழு முதல் ஒன்பது வரை விலை கொடுத்து வெற்றி என்பது அவருக்கு முன்பே தெரியும்.

என் கட்சி திறந்த பொறிமுறைதான். பள்ளத்தின் அகலத்தைப் பாத்திரம் கண்ணால் பார்க்கிறது. ஆடுபவரிடம் அந்தப் பார்வைக்கு ஈடாக இருப்பது எண் ஒன்றுதான். இலக்கு 15, திறன் எண் 4 என்றால் பகடையில் 11 முதல் 20 வரை எது விழுந்தாலும் தாண்டலாம், சரிபாதி வாய்ப்பு. இது தெரிந்து குதிப்பவர் துணிகிறார். தெரியாமல் குதிப்பவருக்குத் துணிய எதுவும் இல்லை, நடத்துநரின் மனத்தை ஊகிப்பதே வேலையாகிவிடும்.

ஆனால் இருண்ட நடைவழியில் ஒருவர் கண்ணி தேடுகிறார் என்று வையுங்கள். அவர் கண்முன் பகடை 3 காட்டுகிறது, நடத்துநர் “ஒன்றும் தென்படவில்லை” என்கிறார். தேடியது சரியில்லை என்று ஆடுபவருக்குத் தெரிந்துவிட்டது. பாத்திரத்துக்குத் தெரிய வழியில்லை. இங்கே நடத்துநர் திரைக்குப் பின் உருட்டுவது நியாயம். இதை ‘மறை உருட்டு’ எனலாம். மறைந்திருக்க வேண்டியது பொறி, பொறிமுறை அல்ல. எப்போது மறைத்து உருட்டுவேன், எந்தத் திறனைக் கூட்டுவேன் என்பதை ஆட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடலாம்.

திரைக்குப் பின் விழுந்த எண்ணையே மாற்றிச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபட்ஜிங்’ என்று பெயர். இதையும் மறை உருட்டோடு சேர்த்துப் பேசுகிறார்கள், சேர்க்கக் கூடாது. மறை உருட்டில் எண் ஒளிந்திருக்கிறது, இதில் எண் பொய்யாகிறது. தமிழில் ‘எண் திரிப்பு’ என்று தனிப்பெயரே கொடுத்துவிடலாம்.