இருமல் நின்றுவிட்டது, கடலை எங்கே?

தைப்பூசம் முடிந்து சில வாரங்கள் ஆனால் இந்தக் கதை வரும். மலேசியாவில் பத்துமலையோ தண்ணீர்மலையோ, முருகனைப் பார்த்துவிட்டு வந்த வீட்டில் ஒரு கச்சாங் பூத்தே (கடலை வகை நொறுக்குத்தீனி) பொட்டலம் இருக்கும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு விடாத சளி, இரண்டு கிளினிக், இரண்டு ஆண்டிபயாட்டிக், போகும் இடமெல்லாம் நெபுலைசர் என்ற மருந்துப் புகை. கடைசியில் மூச்சுக் கிளைக்குழாயிலிருந்து ஊறி உப்பிய அரைக் கடலையை எடுக்கிறோம். "அன்னைக்கு லேசா புரையேறுச்சு டாக்டர், அப்புறம் சரியாயிடுச்சு."

சரியாகவில்லை, அம்மா. இருமல் மட்டும்தான் அடங்கியது.

குரல்வளையிலும் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலும் இருமலைத் தூண்டும் நரம்பு முனைகள் நெருக்கமாக உள்ளன. கடலை அங்கே உரசிப் போகும்போது பிள்ளை முகம் சிவக்க இருமும். ஒரு பக்கக் கிளைக்குழாயில் போய் உட்கார்ந்ததும் நரம்புகள் பழகிவிடும், இருமல் குறையும். பிள்ளை விளையாடும், பால் குடிக்கும். இப்படிச் சில மணி நேரமும் போகலாம், சில வாரமும் போகலாம். இதற்குள் கடலை ஈரத்தில் பருக்கும், அதன் எண்ணெய் பட்டுச் சவ்வு வீங்கும், பின்னால் சளி தேங்கிக் கிருமி சேரும். மூச்சை இழுக்கையில் குழாய் சற்று விரிவதால் காற்று உள்ளே போய்விடும். விடும்போது குழாய் சுருங்குவதால் அது வெளியே வராது. அந்த நுரையீரல் மட்டும் ஊதிப்போய் நிற்கும். அப்புறம் ஒரு பக்கம் வீசிங், திரும்பத் திரும்ப வரும் நிமோனியா.

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னாங்களே?" காசு தெரியும், கடலை தெரியாது. படம் சுத்தமாக இருந்தாலும் புரையேறிய செய்தி உறுதியாக இருந்தால், மயக்கம் கொடுத்து பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்துதான் பார்க்க வேண்டும். சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: மூன்றாவது நெபுலைசர் எழுதுமுன், "எதையாவது தின்னும்போது மூச்சு திணறியதா?" என்று ஒரு தடவை கேளுங்கள். வலப்பக்கக் குழாய் அகலமானது, நேராக இறங்குவது என்று படித்ததை நம்பி இடப்பக்கத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்காமல் விடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இடப்பக்கமும் அபூர்வமில்லை.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவதையும் வாய்க்குள் விரல் விட்டுத் துழாவுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் இன்னும் உள்ளேதான் தள்ளும். தண்ணீரும் கொடுக்க வேண்டாம். பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால்தான் உங்கள் கை வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கி, தலை மார்பைவிடத் தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அடி. பிறகு மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வயிற்றை அழுத்தாதீர்கள், ஈரல் காயப்படும். ஒரு வயதுக்கு மேல் முதுகில் 5 அடி, பிறகு பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 அழுத்தம். ஒருவர் செய்யும்போதே இன்னொருவர் அவசர எண் 999-ஐ அழைக்கட்டும். நினைவு தப்பினால் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் முதலுதவி).

கடைவாய்ப் பற்கள் முளைத்தாலும் கடலையை அரைத்துத் தின்னும் பழக்கம் வர நாளாகும். 5 வயது வரை முழுக்கடலை வேண்டாம். பொடித்தோ விழுதாக மெல்லியதாகத் தடவியோ கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். ரம்புத்தான், மாத்தா கூச்சிங் (லோங்கான் வகை) பழங்களின் கொட்டையைப் பெரியவர் எடுத்துவிட்டுக் கொடுக்கட்டும். தாத்தா பாட்டியிடமும் சொல்லி வையுங்கள், பெரும்பாலும் ஆசையாக ஊட்டுவது அவர்கள்தான்.

புரையேறியதா என்று சந்தேகம் இருந்தாலே, இருமல் நின்றிருந்தாலும், அன்றே பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலையும் சளியையும் பிறகு சொல்லலாம். "கடலை தின்னும்போது புரையேறியது" என்பதை முதலில் சொல்லுங்கள். வழியில் அழுகிறதே என்று பால் புட்டியைக் கொடுத்துவிடாதீர்கள், மயக்கம் கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும்.